பெட்டிக்குப் பின்னிய உறை

வெள்ளி, ஜூன் 6

காலையிலிருந்து காற்று இல்லை. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்று ஹாரன். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். திறந்து மூடி, திறந்து மூடி, பாதி நாள் போயிற்று.

உறை முடிந்தது. வெள்ளை நூல், குரோஷா, ஓரம் முழுக்கச் சிப்பிப் பின்னல். ஒரு மூலை இழுத்துக்கொண்டது. பிரித்து மறுபடி போட்டேன். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ரேடியோ, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் உறை உண்டு. மருமகள் செல்வி கொண்டுவந்த பெட்டி மட்டும் ஒரு மாதமாக டிவிக்குப் பக்கத்தில் மொட்டையாகக் கிடந்து கண்ணை உறுத்தியது. இப்போது சரி. நான்கு பக்கமும் இறங்கி மேசையைத் தொடுகிறது.

உள்ளங்கை அகலப் பெட்டி. டிவியில் சொருகினால் இன்டர்நெட்டில் இருப்பதெல்லாம் டிவியில் வரும். வைத்துவிட்டு அவள் சொன்னது: "பூசையும் பாக்கலாம் அத்தே, சீரியலும் பாக்கலாம், போரடிச்சா கேமும் ஆடலாம்." எனக்குப் போரடிக்கிறது என்று இவளிடம் யார் சொன்னது?

பூசை பார்ப்பதில்லை. கோயில் எதிரிலேயே இருக்கிறது. சீரியல் சகிக்காது. கேரம் ஆடுகிறேன்.

அவள் கேட்டால் சொல்வதற்காகக் குறித்துக்கொள்வது:

நிறை. சத்தமே இல்லை. இடம் அடைக்காது. செல்வியின் பழைய கைப்பிடி (பொத்தான் வைத்த கேம் ரிமோட்), கம்பி எதுவும் இல்லாமல், சொன்னவுடன் சேர்ந்துகொள்கிறது. கேரம், செஸ், சீட்டு தாராளமாக ஓடும். எதிரே ஆள் இல்லாமலும் ஆடலாம், பெட்டியே எதிராளி. தோற்றால் முகத்தைத் தூக்கிவைத்துக் கொள்ளாத எதிராளி.

குறை. பொத்தானை விட்டதற்கும் ஸ்ட்ரைக்கர் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு தாமதம். பெட்டி யோசிக்கிறது. அந்த நேரமும் அழுத்தின கணக்கில் சேர்ந்து வேகம் கூடிவிடும், அதனால் விரலைச் சற்று முன்னாலேயே எடுத்துப் பழகவேண்டும். டிவியின் உள்ளே "கேம் மோட்" என்று ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டேன், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கூடவே வந்த ரிமோட் ஆட்டத்துக்கு உதவாது. போர்டு முடிந்த நொடி சோப்பு விளம்பரம். பெரிய ஆட்டம் கொள்ளாது. செல்வி கார் ரேஸ் ஒன்றை ஏற்றப் பார்த்தாள், இடமில்லை என்றது. இன்னொன்றை அழித்து ஏற்றினாள். கார் மாட்டு வண்டி போல் போயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இதற்கு ரூல் தெரியாது. ரெட் போர்டில் நிற்கும்போது தன் கடைசிக் காயைப் போட்டால் தப்பு, போர்டு எதிராளிக்கு. கான்வென்ட் ஹாஸ்டலில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இது அதற்கும் "நீங்கள் வென்றீர்கள்" என்று பூத்தூவுகிறது. "அது பொட்டி தப்பு இல்லத்தே, அந்த ஆட்டத்த செஞ்சவன் தப்பு" என்கிறாள். பெட்டிக்குள் நடந்தால் பெட்டியின் தப்புதான்.

சங்கரா மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல்.


ஞாயிறு, ஜூன் 8

தூய ஆவிப் பெருவிழா. பிரசங்கம் நீளம். ஃபாதர் கேள்வி கேட்டு அவரே பதில் சொல்லிக்கொண்டார். விசிறிகள் பாதி ஓடவில்லை.

பூசை முடிந்து வந்தால் செல்வி படியில் உட்கார்ந்திருக்கிறாள். மணலி புதுநகரிலிருந்து இரண்டு பஸ். முகமெல்லாம் வியர்வை. சோபா இருக்க, தரையில்தான் உட்காருவாள்.

"இன்னாத்தே, பொட்டிக்கு ஜாக்கெட் போட்டுட்டீங்க?"

"தூசி படாம இருக்கும்."

"சோக்கா கீது."

அவள் கண்ணுக்கு அது நன்றாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை கழுவிவிட்டுத்தான் தொட்டாள்.

சாப்பாடு முடிந்து ஆட்டம். ஒரே கைப்பிடி, மாற்றி மாற்றி. முதல் போர்டு எனக்கு. இரண்டாவதில் பாதி தாண்டியிருக்கும், ஸ்ட்ரைக்கர் நடுவழியில் நின்றது. பிறகு திரை கறுப்பு. கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து வந்தது, போர்டு போயே போயிற்று. இன்னொரு குறை: நின்றால் ஆட்டம் நினைவில் இருப்பதில்லை. மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி நின்றது.

"வெயிலு அத்தே. அதுக்கும் பேஜாராயிட்சி."

பெட்டி படுத்திருந்த நேரத்தில்தான் பேச்சை எடுத்தாள். போன மாதம் எடுத்த அதே பேச்சு. என் மகன் அருள் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பாதி கடலில். இவள் மணலி புதுநகரில் வாடகை வீட்டில் தனியாக. எண்ணெய் கம்பெனி லேபில் வேலை. சென்ற மாதம் இவளைத் துறைமுகப் பக்கத்து லேபுக்கு மாற்றிவிட்டார்கள்.

"முன்னறை சும்மாதானே கீது அத்தே."

"வாரா வாரம் வர்றியே."

"வர்றதுக்குள்ள தாவு தீந்துடுது. லாரிக்குப் பின்னாலயே பஸ்ஸு ஊந்துகினு வருது. லேப்ல கையெழுத்து போட்றதுக்குள்ள பாதி உசுரு பூட்து. இங்கேர்ந்து நடந்தே பூடலாம். நைட்ல அங்க தனியா குந்திகினு செவுத்தப் பாக்க வேணாம்."

"பாக்கலாம்."

"போன மாசமும் இதான் சொன்னீங்க. நீங்க பாத்துகினே கீறீங்க." கைப்பிடியை எடுத்து என் மடியில் வைத்தாள். "ஒன்னு பண்லாம். அடுத்த ஞாயிறு மூணு போர்டு. நான் ரெண்டு ஜெயிச்சா முன்னறை எனுது. நீங்க ஜெயிச்சா இந்தப் பேச்சே கெடையாது. உங்க புள்ள எடுத்தாலும் போன கட் பண்ணிடுவேன்."

"என் ரூல்படி. டிவி சொல்றது இல்ல, நான் சொல்றது."

"நீங்கதான் அம்பயரு."

"பெட்டி நடுவுல நின்னுட்டா?"

"அப்ப அதுக்கடுத்த ஞாயிறு. ஃபர்ஸ்ட்லேர்ந்து."

சம்மதம் என்றேன். ஏன் சொன்னேன்? இதுவரை அவள் என்னிடம் ஒரு போர்டு ஜெயித்ததில்லை. அதனால்தான்.

அவள் போன பிறகு அவள் குடித்த காப்பி டம்ளர் தொட்டியில் கிடந்தது. கழுவவில்லை. நாளைக்குக் கழுவலாம். எனக்கு அப்படி வைத்து வழக்கமில்லை.


திங்கள், ஜூன் 9

முட்டி வலி. பயிற்சி. பெட்டியோடு ஆடினேன், அது யோசிக்காமல் ஆடுகிறது, யோசிக்காமல் தோற்கிறது. இரண்டாவது போர்டில் நின்றுவிட்டது. சாயங்காலம் மறுபடி, அதே.

அருள் பேசினான். எங்கே இருக்கிறான் என்று கேட்டால் "தண்ணில" என்கிறான்.

"பந்தயமாமேம்மா?"

"அவ சொல்லிட்டாளா?"

"சிரிச்சு சிரிச்சு சொன்னா. அம்மா, விட்டுக் குடுத்துடு."

போனை வைத்துவிட்டேன். விட்டுக் கொடுப்பதாம். ஹாஸ்டலில் மதர் சுப்பீரியருக்கே நான் விட்டுக் கொடுத்ததில்லை. அவர் (காலமான என் கணவர்) கல்யாணமான புதிதில் ஒருமுறை எனக்கு விட்டுக் கொடுத்தார். கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு கேரம் ஆடவில்லை.

அவள் வந்தால் என்னவாகும்: குளியலறையில் ஈரம். சீப்பில் முடி. பையை வாசலிலேயே எறிவாள். பாத்திரம் கழுவும்போது பாட்டு, அதுவும் பாதிப் பாட்டு, மீதி தெரியாது. போனில் வியாசர்பாடியில் இருக்கும் அவள் அம்மாவோடு கத்திப் பேசுவாள். "இன்னாம்மா, துன்னியா?" அடுத்த தெருவுக்குக் கேட்கும். என் சாப்பாட்டு நேரம் போகும். பேப்பர் படிக்கும் நேரம் போகும்.

இந்த வீட்டில் இப்போது சத்தம் என்றால் என் சத்தம்தான். குக்கர், செருப்பு, இருமல்.

எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. முன்பே பார்த்ததுதான்.

டம்ளர் கழுவியாயிற்று.


செவ்வாய், ஜூன் 10

அனல். ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை. செல்வி பெட்டி வாங்கின பாய் கடை. வாசலெல்லாம் கேபிள் தொங்கல், உள்ளே நிற்க இடமில்லை.

"வாங்க டீச்சர்மா, இன்னா வோணும்?"

நான் டீச்சர் இல்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ரிடையர் ஆனவள். கண்ணாடி போட்டுத் திருத்தமாகப் பேசினால் டீச்சர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

"என் மருமக செல்வி இங்க வாங்கின பெட்டி, ஆடிக்கிட்டிருக்கும்போது நின்னு போகுது."

"படம் பாக்க சொல்லோ நிக்குதா?"

"படம் பாக்கறதில்ல."

"அதாம்மா மேட்டரு. இது படம் பாக்குற பொட்டி. சின்ன ஆட்டம் ஓடும். பெரிய ஆட்டம் ஆட்ற ஆளுங்க படா பொட்டி வாங்கிப்பாங்க, அதுல ஃபேன் கீது, மெமரி கீது. இதுல ஃபேன் கெடையாது, சூடாயிட்சின்னா தானா படுத்துக்கும். உங்குள்து இன்னா ஆட்டம்? துப்பாக்கியா?"

"கேரம்."

உள்ளே உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"கேரத்துக்கா படுத்துக்குது? சான்ஸே இல்லியே." பாய் நெற்றியைச் சொறிந்தார். "காத்து போற எடத்துல வச்சிகிறீங்களாம்மா?"

"ராயபுரத்துல கடலப் பார்த்த வீடு. காத்துக்கு என்ன குறை?"

"மேல எதாச்சும் வெயிட்டு கியிட்டு?"

"என் வீட்ல பொருள் மேல பொருள் வைக்கிற பழக்கம் இல்ல."

"கோச்சிக்காதீங்க டீச்சர்மா, கேக்கணும்ல." வேறு அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். "இதப் போட்டுப் பாருங்க. அப்பவும் படுத்துகிச்சின்னா பொட்டியக் கொணாந்து குடுங்க, வேற தரேன்."

திருப்தியில்லை என்று தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் சொல்லிவிட்டு வந்தேன்.

புது அடாப்டர் போட்டேன். இரண்டாவது போர்டில் நின்றது.

நின்றதும் ஒரு நிம்மதி. இதை எழுதித்தான் ஆகவேண்டும். பெட்டி நின்றால் பந்தயமும் நிற்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை. வெயில் ஒரு சாக்கு.


வியாழன், ஜூன் 12

உறை அதற்குள் பழுப்பேறிவிட்டது. துறைமுகத்துப் புழுதி குரோஷாவில் ஏறினால் தட்டினால் போகாது. காலையில் ஊறவைத்துத் துவைத்து, கஞ்சி போட்டு மாடிக் கொடியில்.

மதியம் பயிற்சி. இரண்டாவது போர்டு முடிந்தது. மூன்றாவது. அதற்கு மேலும். நிற்கவில்லை. விளக்கு வைக்கும் வரை ஆடினேன், சோப்பு விளம்பரம் மனப்பாடமாகிவிட்டது, பெட்டி மட்டும் அசையவில்லை. பாயின் அடாப்டர் கடைசியில் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

உறை காய்ந்துவிட்டது. இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து பெட்டிக்குப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது போர்டு நடுவில் கறுப்பு.

எழுந்து போய் உறையைத் தூக்கினேன். பெட்டி மேல் கை வைக்க முடியவில்லை. தோசைக்கல்.

ஜூன் மாதத்தில், ஃபேன் இல்லாத பொருளுக்கு, அடி வரை கம்பளி போர்த்திய மாதிரி போர்த்தி வைத்திருக்கிறேன். பின்னலில் ஓட்டை இருக்கிறதே, காற்றுப் போகாதா என்று ஒரு கணம் வாதாடிப் பார்த்தேன். சின்னப் பின்னல். கஞ்சி வேறு. அட்டையாக நிற்கிறது.

மேல ஏதாச்சும் வெயிட்டா என்று பாய் கேட்டார். நான் சொன்ன பதில்! போதாததற்குத் திருப்தியில்லை என்று வேறு, இரண்டு மொழியில்.

பெட்டியின் குறைகளில் ஒன்றை அடித்துவிட வேண்டும். அது என் குறை.

இதைச் செல்வியிடம் சொல்வதா? சொன்னால் அந்தச் சிரிப்பு.

சொல்லாவிட்டால் இன்னொன்று. உறை இருக்கிறவரை மூன்றாவது போர்டு என்று ஒன்று வராது. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, முதலிலிருந்து. அவள் வருவாள், ஆடுவாள், சாப்பிடுவாள், பொழுது சாய்ந்தால் பஸ் ஏறுவாள். முன்னறை முன்னறையாகவே இருக்கும். நான் எதுவும் சொல்லவேண்டாம், எதுவும் செய்யவேண்டாம். வீட்டில் எல்லாப் பொருளுக்கும் உறை உண்டு, அதுபோல இதற்கும். யார் என்ன கேட்கமுடியும்?

ராத்திரிச் சாப்பாடு: மோர் மட்டும்.


வெள்ளி, ஜூன் 13

அந்தோணியார் திருநாள். காலைப் பூசை, மந்திரித்த ரொட்டி. கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண் தொலைந்த மோதிரம் கிடைக்கவேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். நான் எதையும் வேண்டவில்லை. பெட்டியையே நினைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். வலி.

வந்ததும் உறையைப் போட்டேன். எடுத்தேன். மடித்து வைத்தேன். பிரித்துப் போட்டேன்.

மீன்காரம்மா படியேறி வந்து மூச்சு வாங்கினாள்.

"கீழ வந்து வாங்கினா இன்னாம்மா?"

"என் முட்டி கேக்காது."

"ரெண்டு கெழவிக்கும் சேத்து நாலு முட்டி, ஒன்னு கூட சொல்பேச்சு கேக்கல. ஞாயித்துக்கெழம மருமவ வருதா? நல்ல வஞ்சிரம் எடுத்தாறேன்."

"எடுத்துட்டு வா."

"தலையும் சேத்தா? அது தலதான் கேக்கும்."

செல்விக்கு மீன் தலை பிடிக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கும்போது ஊர் முழுக்கத் தோஸ்து பிடித்துவைத்திருக்கிறாள் போல.

மதியம் முன்னறையைத் திறந்தேன். ஒட்டடை அடிக்கத்தான். அவருடைய கட்டில். பீரோவில் பழைய பேப்பர், கிறிஸ்துமஸ் குடில் சாமான், நான் இனிமேல் கட்டாத புடவைகள். ஜன்னல் இறுகிப்போயிருந்தது. இடித்துத் திறந்தேன். கடல் நன்றாகத்தான் தெரிகிறது இங்கிருந்து.

திறந்த ஜன்னலை மூட மறந்து சமையலறை, சமையலறையிலிருந்து மறுபடி முன்னறை. எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. ஜன்னல். மூடினேன்.


சனி, ஜூன் 14

மேகம். மழை இல்லை.

மின்சார ஸ்விட்சை நடு ஆட்டத்தில் அணைப்பேனா? மாட்டேன். கை வராது. அப்படியானால் துணியால் அணைப்பது மட்டும் வேறா? பின்னல் அழகாக இருப்பதால் அது வேறாகிவிடாது.

உறை பீரோவில். நாப்தலின் உருண்டையோடு.

ஜெயித்துவிட்டால் போயிற்று. நேராக ஜெயிப்பது. விரல் பழகிவிட்டது, தாமதம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும். பயிற்சி, பயிற்சி. கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.


ஞாயிறு, ஜூன் 15

நிதானமாக எழுத வேண்டும்.

வந்ததும் பார்த்துவிட்டாள். "பொட்டி ஜாக்கெட் எங்கத்தே?"

"அதுக்குச் சூடு. கழட்டிட்டேன். அதனாலதான் நின்னுக்கிட்டே இருந்துச்சு."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு. தரையில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து. "ஐயோ, நானும் சோக்கா கீதுன்னு சொன்னேனே! அத்தே, பாய் போன் பண்ணாரு. உங்கூட்டு டீச்சர் வந்து இங்கிலீஷ்ல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்கன்னாரு."

"விளக்கிச் சொன்னேன்."

"பாவம் மன்ஷன்."

பாயிடம் போய்ச் சொல்லவேண்டும். இந்த வாரம் இல்லை.

வஞ்சிரம் அருமை. தலை அவளுக்கு.

முதல் போர்டு எனக்கு, சுலபமாக. இரண்டாவது அவளுக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை, ரெட்டைப் போட்டு, அது செல்வதற்கு உடனே ஃபாலோ காயும் போட்டாள். அவளும் எங்கேயோ பயிற்சி செய்திருக்கிறாள். கேட்டேன். "லேப்ல லஞ்ச் டயத்துல, போன்ல." முதல்முறையாக என்னிடம் ஒரு போர்டு ஜெயித்தாள், கூச்சல் போடவில்லை. கைப்பிடியைப் புடவையில் துடைத்துக் கொடுத்தாள்.

பெட்டி நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. மூன்றாவது போர்டு வந்தேவிட்டது.

கடைசியில் எனக்கு ஒரு காய், அவளுக்கு ஒரு காய், ரெட். என் முறை. ரெட் வலது மூலைக்கு ஒரு விரற்கடை தள்ளி. என் காய் அதற்குச் சற்றுப் பின்னால். ரெட்டை மெல்லத் தட்டினால் விழும், அடுத்து என் காயைப் போட்டால் முடிந்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது. தெருவில் லாரி ஹாரன். குறி வைத்தேன், விரலை எடுத்தேன்.

பெட்டி யோசித்தது. நான் பழகியிருந்த தாமதத்தைவிட ஒரு துளி அதிகம். வெகுநேரம் ஆடிக் களைத்திருந்ததோ என்னவோ. ஸ்ட்ரைக்கர் வேண்டியதைவிட வேகமாகப் போய் ரெட்டை உரசி ஓரக் கட்டையில் தள்ளி, திரும்பி வந்து, என் காயை மூலையில் போட்டது.

"நீங்கள் வென்றீர்கள்." திரை முழுக்கப் பூ.

செல்வி பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கி மேசையில் வைத்தாள், இரண்டு கையாலும். "சரி அத்தே. பேச்சுன்னா பேச்சு."

அதற்குள் சோப்பு விளம்பரம். ரெட் நின்ற போர்டு காணாமல் போயிற்று. சாட்சியும் இல்லை.

எழுந்து போய் டம்ளரைக் கழுவினாள். துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். இதற்கு முன் ஒருநாளும் செய்ததில்லை. பாட்டு இல்லை. பையை எடுத்தாள். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். சோப்புக்காரி பல்லைக் காட்டினாள்.

"செல்வி."

"இன்னா அத்தே."

"ரெட் எங்க இருந்துச்சு?"

"எந்த ரெட்டு? அட உடுங்க அத்தே, டிவியே சொல்லிட்சி."

"டிவி கான்வென்ட்ல படிக்கல. யாரு அம்பயர்?"

"நீங்கதான்."

"ரெட் போர்டுல நிக்கும்போது கடைசிக் காயப் போட்டா?"

"போர்டு எதிராளிக்..." நிறுத்திவிட்டாள். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில். உள்ளே வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தாள். "அத்தே. டபாய்க்காதீங்க. வேணும்னே போட்டீங்களா?"

"நான் வேணும்னு தோத்த ஆட்டம் ஒண்ணு சொல்லு."

"இல்லாங்காட்டி உங்க குறி எப்டித் தப்பும்?"

"பெட்டி லேட்டு. ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன், யாரு கேட்டா?"

செருப்போடு உள்ளே வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். சொன்னேன். கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் அம்மாவுக்குப் போன். "எம்மா, நான் ஜெயிச்சிட்டேம்மா!" அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

குறி ரெட்டுக்குத்தான் வைத்தேன். எழுதி வைக்கிறேன். அருள் கேட்டாலும் இதுதான் பதில்.


செவ்வாய், ஜூன் 17

மாலையில் தூறல், புழுதி அடங்கிற்று. மணலி வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி ஆகும். அதற்குள் ஒரு சூட்கேஸ், பக்கெட், தொட்டியில் கற்றாழை, கம்பெனி வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வந்தாயிற்று. ஆளும்.

பீரோவில் மேல் இரண்டு தட்டு அவளுக்கு. கீழ்த்தட்டு கேட்டால் கிடையாது. குடில் சாமான் எங்கே வைப்பது?

பூட்டுக்காரரிடம் இன்னொரு சாவிக்குச் சொல்ல வேண்டும்.

உறையைக் கேட்டு வாங்கி ஹெல்மெட்டுக்குப் போட்டிருக்கிறாள். அளவு பற்றவில்லை. சுற்றி இன்னும் நான்கு வரி பின்ன வேண்டும்.

ஈரத் துண்டை நாற்காலி முதுகில் போட்டிருந்தாள். தேக்கு நாற்காலி. சொன்னேன்.

"காயட்டுமே அத்தே."

"மாடியில கொடி இருக்கு."

"மழையா கீதே." பிறகு டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னா, ஒரு போர்டு போட்டுக்கலாமா? நீங்க ஜெயிச்சா கொடி. நான் ஜெயிச்சா நாக்காலி."

இந்த முறை விட்டுவிட முடியாது, இது தேக்கு. துண்டு ஆட்டம் முடியும் வரை என் கையில். கூப்பிடுகிறாள். ரெட்டோடுதான் என்று சொல்லிவிட்டேன்.